முதல் பாக்கெட்டில் அடங்காத ஹலோ

2024 ஏப்ரல் கடைசி வாரம். மாதக் கடைசியில் மில் ஆபீஸின் கணக்குப் பிரிவை யாரும் நெருங்கவே முடியாது. அந்த நேரம் பார்த்து அங்கிருக்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, பேங்க் பக்கம் திறக்கவே மாட்டேங்குது. நாலஞ்சு தடவை தட்டினா ஒரு தடவை வருது. சம்பளம் போடணும், சீக்கிரம் வாங்க."

சுத்தமாக வராமல் போனால் கவலை இல்லை. ஏதோ ஒன்று செத்துவிட்டது, தேடிப் பிடித்துவிடலாம். நாலு தடவைக்கு ஒரு தடவை வருகிற பிரச்சினைதான் எங்கள் தொழிலில் தூக்கத்தைக் கெடுக்கும். போய்ப் பார்த்தேன். க்ரோமில் வரவில்லை, பயர்பாக்ஸில் உடனே வருகிறது. பக்கத்து மேஜைக் கணினியில் க்ரோமிலும் வருகிறது, ஆனால் அது அப்டேட் ஆகாமல் கிடந்த பழைய க்ரோம். என் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் எல்லாக் கணினியிலும் எல்லாமே வருகிறது. ஆக பேங்க் சைட்டிலும் குறை இல்லை, கணினியிலும் குறை இல்லை. மிச்சம் இருப்பது நடுவில் உட்கார்ந்திருக்கும் ஃபயர்வால். வாங்கி ஏழு வருஷம், சப்போர்ட் முடிந்து மூன்று வருஷம், ஓடுகிற வரை ஓடட்டும் என்று நாங்களே விட்டுவைத்த பெட்டி.

நெட்வொர்க்கில் என்ன போகிறது என்று பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைப் போட்டேன். பிரவுசர் ஒரு சைட்டோடு பேச ஆரம்பிக்கும்போது முதலில் 'கிளையன்ட் ஹலோ' என்று ஒரு செய்தி அனுப்பும். எனக்கு இன்னின்ன பூட்டு தெரியும், இந்த சைட்டைத் தேடி வந்திருக்கிறேன், சாவி உருவாக்க என் பங்கு இது, என்றெல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்தவரை அது ஒரே பாக்கெட்டில், அதாவது நெட்வொர்க்கில் ஒரு தவணையில் போகிற பொட்டலத்தில், தாராளமாக அடங்குகிற சமாச்சாரம். அன்றைக்கு அது ஆயிரத்து எழுநூறு சொச்சம் பைட் இருந்தது. ஈதர்நெட்டில் ஒரு டிசிபி பாக்கெட் 1460 பைட்தான் சுமக்கும், ஆகவே ஹலோ இரண்டு துண்டாகப் போயிருக்கிறது. நம் ஃபயர்வால் முதல் துண்டை மட்டும் பிரித்து, சைட் பெயரைத் தேடி, கிடைக்காவிட்டால் இணைப்பையே வெட்டிவிடுகிறது. நாலில் ஒரு தடவை வருவதற்கும் காரணம் அங்கேயே கிடைத்தது. க்ரோம் ஹலோவுக்குள் இருக்கும் விவரங்களின் வரிசையை ஒவ்வொரு முறையும் கலைத்துப் போட்டு அனுப்பும். சைட் பெயர் முதல் துண்டில் விழுந்தால் கதவு திறக்கும், இரண்டாவதில் விழுந்தால் போச்சு. அக்கா ரீஃப்ரெஷ் தட்டிக்கொண்டிருந்ததெல்லாம் லாட்டரிச் சீட்டு கிழித்த மாதிரிதான்.

ஹலோ ஏன் திடீரென்று வீங்கியது? அந்த மாதம் வந்த க்ரோம் 124, குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாத சாவிப் பரிமாற்றத்தை டெஸ்க்டாப்பில் தானாகவே போட்டுவிட்டது. அதுவரை சாவிக்கான பங்கு 32 பைட். அதோடு இப்போது இன்னொரு 1184 பைட் சேர்ந்துகொண்டது.

அக்காவிடம் சொன்னேன். "குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா பழைய பூட்டு உடைஞ்சிடும்னு கூகுள்காரங்க பூட்டை மாத்திட்டாங்கக்கா, நம்ம பெட்டிக்கு அது புரியல."

"அந்தக் கம்ப்யூட்டர் வந்துடுச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்புறம் இப்பவே எதுக்கு? அதுவும் மாசக் கடைசியில?"

குவாண்டம் பற்றி நான் உட்கார்ந்து கேட்ட எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. அன்று க்ரோமில் அந்த வசதியை நிர்வாக பாலிசி வழியாக அணைத்துவிட்டு, சம்பளம் போனதைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். பதில் சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். எனக்குப் பிடித்த பதில் கணினிக் காலத்துக்கு முந்தியது. சோவியத் தூதரகங்கள் மாஸ்கோவுக்கு அனுப்பிய ரகசியத் தந்திகளின் நகல்களை அமெரிக்க ராணுவம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு வரி கூடப் படிக்க முடியாது. ஒரு முறை பயன்படுத்திக் கிழித்துப்போட வேண்டிய சாவித்தாள் முறை, ஒழுங்காகச் செய்தால் யாராலும் உடைக்க முடியாதது. ஆனால் போர் நெருக்கடியில், 1942-ல், சில சாவித்தாள்களை சோவியத்காரர்கள் இரண்டு பிரதி அடித்துவிட்டார்கள், ஒரே சாவியில் இரண்டு தந்தி போனது, அதில்தான் பூட்டு தளர்ந்தது. 1943-ல் வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் ஹாலில் தொடங்கிய அந்த வேலைக்குப் பிற்பாடு வெனோனா என்று பெயர். 1946-ல் முதல் சில தந்திகள் உடைந்தன. அத்தோடு நிற்கவில்லை, 1980 வரைக்கும் அதே போர்க்காலத் தந்திகளை உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். தந்தி அனுப்பியவர்களில் பலர் அதற்குள் செத்தே போயிருப்பார்கள்.

இன்றைக்குப் பதிவு செய்து வைத்துக்கொள், நாளைக்கு உடைத்துக்கொள்ளலாம் என்பது அதுதான். அப்போது நகல் எடுக்கத் தந்தி அலுவலகம் வேண்டும், அலமாரி வேண்டும். இப்போது கடலடிக் கேபிளில் ஒரு ஒட்டுக்கேட்பு, கொஞ்சம் டிஸ்க். பிரவுசரும் சைட்டும் பூட்டிப் பேசிக்கொள்ளும் டிஎல்எஸ் இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகளில் சாவி உருவாக்கும் பேரம் நடக்கிறது, அதைத் தொடர்ந்து போவதெல்லாம் அந்தச் சாவியால் பூட்டியவை. மொத்தத்தையும் பதிவு செய்து வைத்திருப்பவன், பின்னால் என்றைக்காவது பேரத்தை உடைத்தால் போதும், மிச்சமெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும்.

உடைக்கும் வழியை 1994-லேயே பீட்டர் ஷோர் எழுதிவிட்டார், அப்போது அவர் பெல் லேப்ஸில் இருந்தார். பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது சாதாரணக் கணினிக்கு மலையைப் புரட்டுகிற வேலை, ஆர்எஸ்ஏ என்ற பழைய பூட்டு நிற்பதே அதன் மேல்தான். ஷோரின் வழியில் குவாண்டம் கணினி அதை லகுவாகச் செய்துவிடும். க்ரோமின் அந்த 32 பைட் பங்கு வருகிற நீள்வட்ட வளைவு முறைக்கும் அதே கதி, சொல்லப்போனால் அதன் சாவி சின்னது என்பதால் அது முன்னதாகவே விழலாம். வழி இருக்கிறது, இயந்திரம் மட்டும் இல்லை. 2019-ல் கிட்னி, எகேரா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்குப்படி 2048 பிட் ஆர்எஸ்ஏ-வை உடைக்க 2 கோடி க்யூபிட் (குவாண்டம் கணினியின் பிட்), 8 மணி நேரம். அதே கிட்னி 2025 மே மாதம் புதுக் கணக்குப் போட்டார்: 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம். கூகுள் 2024 டிசம்பரில் காட்டிய வில்லோ சிப்பில் இருப்பது 105. 105-க்கும் 10 லட்சத்துக்கும் நடுவில் பெரிய பள்ளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த ஆறு வருஷத்தில் இயந்திரம் இவ்வளவு வளர்ந்தது என்பதைவிடத் தேவையே இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காகிதமும் பேனாவும் வைத்துச் செய்த வேலை அது.

எப்போது வரும் என்று பந்தயம் கட்டுவதை நான் விட்டுவிட்டேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருக்கும் மிக்கேல் மோஸ்கா சொன்ன ஒரு எளிய கூட்டல் போதும். தகவல் எத்தனை வருஷம் ரகசியமாக இருக்க வேண்டும், பூட்டை மாற்றி முடிக்க எத்தனை வருஷம் ஆகும், இரண்டையும் கூட்டு. இயந்திரம் வர ஆகும் காலத்தைவிடக் கூட்டுத்தொகை பெரிது என்றால் ஏற்கெனவே தாமதம். மில்லின் இந்த மாதச் சம்பளப் பட்டியலை 2040-ல் யாராவது திறந்து பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான் நெட்வொர்க் பார்க்கிற இன்னொரு இடம் ஒரு ஸ்கேன் சென்டர். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் பரிசோதனை முடிவு அங்கிருந்து தினமும் கம்பியில் போகிறது. அது எத்தனை வருஷம் ரகசியமாக இருக்க வேண்டும்? அவர் உயிரோடு இருக்கும் வரை, பரம்பரை நோய் சம்பந்தப்பட்டது என்றால் அவர் பிள்ளைகள் இருக்கும் வரை. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பெட்டி, ஒரே மாதிரி பூட்டு. கூட்டல் மட்டும் வேறு.

சரி, புதுப் பூட்டு என்பது என்ன? க்ரோம் முதலில் போட்டது கைபர், அதைக் கொஞ்சம் திருத்தி 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் எம்எல்-கெம் என்ற பெயரில் தரமாக்கியது. (கைபர் என்பது ஸ்டார் வார்ஸ் வாள்களில் இருக்கும் கல், அதன் தம்பியான டிஜிட்டல் கையெழுத்து முறைக்கு ஸ்டார் ட்ரெக்கிலிருந்து டைலிதியம் என்று பெயர். இரண்டு ரசிகர் மன்றத்துக்கும் ஒரே நேரத்தில் இலை போட்டவர்கள் இவர்கள்தான்.) கணக்கு கடினம் என்று பயப்பட வேண்டாம், மளிகைக் கடைக் கணக்குதான்.

ஒரு கடைக்காரர் 768 பொருள் விற்கிறார், விலைப் பட்டியல் அவர் மனதில் மட்டும். 768 பில்களை வெளியே ஒட்டுகிறார். ஒவ்வொன்றிலும் எந்தப் பொருள் எத்தனை, மொத்தம் எவ்வளவு என்று இருக்கிறது. மொத்தம் சரியாக இருந்தால் பள்ளிக்கூடச் சமன்பாடுதான், கணினி ஒரு நொடியில் எல்லா விலையையும் சொல்லிவிடும். இவர் என்ன செய்கிறார் என்றால், ஒவ்வொரு மொத்தத்திலும் வேண்டுமென்றே ஒன்றிரண்டு ரூபாய் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுகிறார். இன்னொரு குசும்பும் உண்டு: மொத்தம் 3329 ஆனால் கடிகாரம் மாதிரி மறுபடி 0-விலிருந்து. இப்போது விலைகளைக் கண்டுபிடி பார்க்கலாம். சின்னப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எல்லாவற்றையும் கலக்கிவிடும். சாதாரணக் கணினிக்கும் முடியவில்லை, குவாண்டம் கணினிக்கும் இதற்கென்று வேகமான வழி யாருக்கும் கிடைக்கவில்லை. 2005-ல் ஓடெட் ரெகெவ் இந்தப் பிழைக் கணக்கை வைத்துப் பூட்டு செய்யலாம் என்று காட்டினார், அங்கிருந்து வந்ததுதான் எல்லாம்.

யாராவது கடைக்காரருக்கு ரகசியம் சொல்ல வேண்டுமா? ஒட்டியிருக்கும் பில்களில் சிலதைக் கூட்டி, சிலதைக் கழித்து, தன் பங்குக்குக் கொஞ்சம் பிழையும் போட்டு, சொல்ல வேண்டிய பிட் 1 என்றால் மட்டும் மொத்தத்தில் 1665-ஐ, அதாவது 3329-ல் பாதியைச் சேர்த்து அனுப்புவார். விலை தெரிந்தவர் கழித்துப் பார்த்தால் மிச்சம் 0-வை ஒட்டி நிற்கும், அல்லது 1665-ஐ ஒட்டி நிற்கும். விலை தெரியாதவனுக்கு ஒன்றும் புரியாது. இப்படி 256 பிட் போனதும் இரண்டு பக்கமும் ஒரே சாவி.

என் ஃபயர்வாலைக் கவிழ்த்த 1184 பைட் எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே தெரிகிறது. 768 மொத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் 12 பிட், ஆக 1152 பைட். எந்தப் பில்லில் எந்தப் பொருள் எத்தனை என்று எழுதினால் புத்தகமே ஆகிவிடும் என்பதால், அதை உருவாக்கிக்கொள்ள 32 பைட் விதை மட்டும். கூட்டிப் பாருங்கள். அன்று இரவு இந்தக் கூட்டல் சரியாக வந்தபோது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

அப்புறம் ஏன் பழைய 32 பைட்டையும் சேர்த்தே அனுப்புகிறார்கள்? புதுப் பூட்டின் மேல் முழு நம்பிக்கை இன்னும் இல்லை என்பதால்தான். நம்பாததற்கு நல்ல காரணமும் இருக்கிறது. புதுப் பூட்டைத் தேர்ந்தெடுக்க நிஸ்ட் நடத்திய இதே போட்டியில் ரெயின்போ என்று ஒரு கையெழுத்து முறை கடைசிச் சுற்று வரை வந்தது. 2022 பிப்ரவரியில் வார்ட் பொய்லன்ஸ் அதை ஒரு லேப்டாப்பில் ஒரு வார இறுதிக்குள் உடைத்துவிட்டார். சைக் என்று இன்னொன்று, சாவி எல்லாவற்றையும்விடச் சின்னது, எனக்கெல்லாம் அதன் மேல்தான் கண். 2022 ஜூலை தொடக்கத்தில் நிஸ்ட் அதை அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொண்டது, அந்த மாதம் முடிவதற்குள் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்ட்ரிக், டெக்ரூ இருவரும் ஒரே ஒரு ப்ராசசர் கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் பிரித்துப் போட்டார்கள். குவாண்டம் கணினி வேண்டியிருக்கவில்லை, சாதாரணக் கணினியே போதுமானதாக இருந்தது. அதனால் பழைய பூட்டையும் கழற்றாமல் அதன் மேல் புதுப் பூட்டு. இரண்டையும் உடைத்தால்தான் உள்ளே வர முடியும். 32 பைட் சுமப்பது பெரிய பாரம் இல்லை.

இதுவரை சொன்னது சாவிப் பரிமாற்றம் மட்டும். அது கிட்டத்தட்ட முடிந்த கதை: மென்பொருளை அப்டேட் செய்தால் பாதி வேலை தானாக நடந்துவிடுகிறது. சிக்னல் செயலி 2023-லேயே மாறிவிட்டது, ஆப்பிளின் ஐமெசேஜ் 2024-ல். உண்மையான தலைவலி, எதிரில் இருப்பது நிஜமான சைட்தான் என்று நிரூபிக்கும் கையெழுத்து. சைட்டின் சான்றிதழில் இருக்கும் பழைய முறையான ஈசிடிஎஸ்ஏ கையெழுத்து 64 பைட், புது முறையான எம்எல்-டிஎஸ்ஏ-வின் மிகச் சின்ன அளவே 2420 பைட். ஒரு சைட்டைத் திறக்கும்போது ஒரு கையெழுத்து இல்லை, நாலைந்து பறக்கின்றன, சாவிகள் தனி. இரண்டு துண்டு ஹலோவுக்கே விழுந்த பெட்டிகள் அதற்கு என்ன ஆகும் என்று நினைத்தால் இப்போதே அந்த மாதக் கடைசிக்கு லீவு சொல்லிவிடத் தோன்றுகிறது. ஒரே ஆறுதல், கையெழுத்தைப் பதிவு செய்து வைத்துப் பின்னால் உடைப்பதில் லாபம் இல்லை. போலிக் கையெழுத்துப் போட இயந்திரம் கையில் இருக்க வேண்டும். ஆனால் கருவிகளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு இந்த ஆறுதல் கிடையாது. இன்று மாட்டும் மீட்டரோ கன்ட்ரோலரோ பதினைந்து வருஷம் சுவரிலேயே தொங்கும், அதன் சிப்பில் பதித்த சாவியைப் பிறகு யாரும் ஏறி மாற்றப் போவதில்லை.

நடுவில் விற்பனைப் பிரதிநிதிகள் வேறு. ஒருவர் வந்து குவாண்டம் சாவி விநியோகப் பெட்டி வாங்கச் சொன்னார். ஒளித்துகளில் சாவி அனுப்புவது, யாராவது ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும், இயற்பியலே காவல். அருமையான ஆராய்ச்சி, மத்திய அரசு 2023-ல் 6003.65 கோடி ரூபாய்க்கு அனுமதித்த தேசிய குவாண்டம் திட்டத்தில் இதற்கும் இடம் உண்டு. ஆனால் இரண்டு முனையிலும் தனிக் கருவி வேண்டும், தனி ஃபைபர் வேண்டும், அந்த முனையில் இருப்பது நிஜமாகவே நம் ஆள்தானா என்று உறுதி செய்ய மறுபடி பழைய மாதிரி கையெழுத்தோ முன்பே கொடுத்து வைத்த சாவியோ வேண்டும். அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ-வே தன் நாட்டு ரகசிய நெட்வொர்க்குகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. ஸ்கேன் சென்டருக்கு எதற்கு? அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பதிலாக ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன், பன்னிரண்டு ரூபாய். எங்கெங்கே பூட்டு இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். சைட், விபிஎன், பேக்கப், சிசிடிவி பெட்டி, வருகைப் பதிவு மெஷின், பிரிண்டர், ஏசி கன்ட்ரோலர் எல்லாமே. பூட்டு மாற்றுவதில் கணக்குப் பகுதியை யாரோ எனக்காகச் செய்து கொடுத்துவிட்டார்கள், எங்கே பூட்டியிருக்கிறது என்று தேடுவதை யாரும் செய்து தரமாட்டார்கள். பேக்கப் டிஸ்கின் பூட்டு ஏஇஎஸ்-256 என்ற 256 பிட் சாவி முறை, அதைத் தொடவே வேண்டாம், குவாண்டமால் அதன் பலம் பாதியானாலும் 128 பிட் மிஞ்சுகிறது. இரண்டு கிளைக்கு நடுவில் இருந்த வயர்கார்டு விபிஎன்னுக்கு முன்பகிர்வுச் சாவி, அதாவது இரண்டு முனையும் முன்பே பகிர்ந்து வைத்துக்கொள்ளும் ரகசியம், என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன், பென்டிரைவில் கொண்டுபோய் நேரில் போட்டேன். எளிதான வேலை, இன்றைக்கே செய்யலாம். பழைய ஃபயர்வாலை இரண்டு மாதத்தில் மாற்றி, க்ரோமில் அணைத்ததைத் திரும்பப் போட்டேன்.

தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. அதற்கான மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச் 2022-லேயே குவாண்டம் தாங்கும் பரிமாற்றத்தை இயல்பாக்கிவிட்டது, 2025 அக்டோபரில் வந்த 10.1 இன்னும் ஒரு படி மேலே போய், எதிர் முனை பழைய முறையில் பேசினால், இந்த இணைப்பைப் பதிவு செய்து பின்னால் உடைக்கலாம் என்று நேரடியாகவே எச்சரிக்கிறது. நல்ல காரியம். எனக்கு ஒரு வேலையும் மிச்சம், எந்தப் பெட்டி பழசு என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நோட்டில் 41 வரி, இன்றைய தேதிக்கு 26 டிக்.

டிக் ஆகாததில் ஒன்று மில்லின் வெளி ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருக்கும் எஸ்எஃப்டிபி சர்வர், எஸ்எஸ்எச் வழியாகவே கோப்பு ஏற்றுகிற இடம். ஊழியர் விவரம் மொத்தமும் அதில்தான் ஏறுகிறது, ஏற்றும்போதெல்லாம் அந்த எச்சரிக்கை. போன வாரம் மெயில் போட்டேன். அங்கிருக்கும் தம்பி மறுநாளே பதில் அனுப்பினான். "அண்ணா, ஆர்எஸ்ஏ 2048-ல இருந்து 4096 ஆக்கிட்டோம். இப்ப குவாண்டம் சேஃப்தானே?"

இல்லை தம்பி. சாவியை இரட்டிப்பாக்கினால் ஷோருக்குச் சில மடங்கு கூடுதல் வேலை, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், எச்சரிக்கை வருவது அந்தச் சாவிக்காக இல்லை, அதற்கு முன்னால் நடக்கும் பரிமாற்றத்துக்காக. சர்வர் மென்பொருளின் வெர்ஷன் எண் என்ன என்று மட்டும் பார்த்துச் சொல் என்று எழுதினேன். மாதக் கடைசி, கொஞ்சம் பிஸி, ஒன்றாம் தேதிக்கு மேல் பார்க்கிறேன் என்று பதில் வந்திருக்கிறது.